கல்லூரி மாணவரின் முதல் கிரெடிட் கார்டு: வாங்குவது முதல் மூடுவது வரை

கடந்த ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி ஒரு கிரெடிட் கார்டு பில்லைக் காட்டினார். மொத்த நிலுவை 18,640 ரூபாய் என்றும், அதற்குக் கீழே குறைந்தபட்சத் தொகை 932 ரூபாய் என்றும் இருந்தது. “சார், 932 ரூபாய்தான் கேட்டிருந்தாங்க, நான் ஆயிரமாவே கட்டிட்டேன்” என்றார். கடமையை முடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்காகிக்கொண்டிருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கார்டை விற்றவர் சொல்லவில்லை. வணிகவியல் கற்பிக்கும் நானும் வகுப்பில் அதைச் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, மாணவர்கள் செலவில் சிக்குவதைவிடத் தேதியிலும் பில்லிலும் சிக்குவதே அதிகம். செலவு செய்யும் வழி கார்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. கட்டும் வழியை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். முதல் பொருளை வாங்குவதற்கு முன்பே அந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். கீழுள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

முதலில், உங்களுக்கு இப்போது கார்டு வேண்டுமா?

உங்கள் சேமிப்புக் கணக்கின் கடந்த மூன்று மாத வரவு செலவைத் திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து வரும் பணம், பகுதிநேர வேலையின் சம்பளம், உதவித்தொகை என எதுவாக இருந்தாலும், மாதக் கடைசியில் கணக்கில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள் கணக்கு காலியாகி, நண்பரிடம் ஐந்நூறு, ஆயிரம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தால், கார்டு அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்காது. அடுத்த மாதத்துக்குத் தள்ளி, வட்டியையும் சேர்த்துக் கொண்டுவரும். அப்படிப்பட்டவர் வேலைக்குப் போகும்வரை காத்திருப்பதே நல்லது.

காத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. கடனே வாங்காதவருக்கு ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்குத் தரப்படும் மதிப்பெண், இருக்காது. அது ஒரு குற்றமாகக் கருதப்படுவதில்லை. முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, முன்கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட விதிமுறைகளில் கூறியுள்ளது. ஆகவே, “இப்போதே கார்டு வாங்காவிட்டால் நாளை கல்விக்கடன் கிடைக்காது” என்று யாராவது அவசரப்படுத்தினால் அதை நம்ப வேண்டாம்.

அதே சமயம், கெட்டுப்போன வரலாறு உண்மையிலேயே தடையாக நிற்கும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கின்றன. சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை கணக்கிடப்படுகிறது. நம் மாணவர்களில் பலர் வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: கடனையோ கிரெடிட் கார்டு நிலுவையையோ கட்டத் தவறியவர்கள் பணி நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளிலேயே ஒரு வரி இருக்கிறது. தேர்வில் வென்று, பின்னர் சிபில் அறிக்கையால் நியமனம் ரத்தான ஒருவர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. கல்லூரிக் காலத்தில் விட்ட ஒரு சிறிய நிலுவை, இரண்டு ஆண்டு உழைத்து வென்ற வேலையின் குறுக்கே வந்து நிற்க முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது.

எந்தக் கார்டு?

பதினெட்டு வயது நிறைந்து, சொந்த வருமானம் இல்லாத மாணவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரின் கார்டோடு இணைந்த கூடுதல் கார்டு ஒன்று. உங்கள் பெயரில் உள்ள ஃபிக்சட் டெபாசிட்டின் பேரில் வங்கி தரும் கார்டு மற்றொன்று.

கூடுதல் கார்டில் நீங்கள் செய்யும் செலவு அப்பா அல்லது அம்மாவின் பில்லில்தான் சேரும். கட்டத் தவறினால் கெடுவது அவர்களுடைய ஸ்கோர். நாளை நீங்கள் மேற்படிப்புக்குக் கல்விக்கடன் கேட்கும்போது இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப் போகிறவரும் அவரே; அவருடைய அறிக்கையையும் வங்கி பார்க்கும். நெருக்கடிக்கு மட்டும் பயன்படுத்துவதென்றால் கூடுதல் கார்டு போதும். சொந்தமாகப் பழகிக்கொள்ள விரும்பினால் டெபாசிட் கார்டையே நான் பரிந்துரைப்பேன்.

டெபாசிட் கார்டில் நீங்கள் போட்ட தொகையின் ஒரு பகுதி, பெரும்பாலும் 75 முதல் 90 சதவீதம், செலவு வரம்பாகக் கிடைக்கும். சில வங்கிகள் முழுத் தொகையையும் தருகின்றன. டெபாசிட்டுக்கு உரிய வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும், ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் டெபாசிட் ஒரு மாணவருக்குப் போதும். சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலேயே இதைக் கேளுங்கள். பான் கார்டும் ஆதாரும் தேவைப்படும். டெபாசிட்தான் இருக்கிறதே, கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எடுத்துக்கொள்வார்கள், கட்டத் தவறிய பதிவும் உங்கள் அறிக்கையில் நிற்கும்.

வணிக வளாகத்தின் வாசலில் சிறிய மேசை போட்டு, பையும் தண்ணீர் பாட்டிலும் இலவசமாகத் தந்து, “வாழ்நாள் முழுக்கக் கட்டணமில்லை” என்று அழைப்பவர்களிடம் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். வருமானத்தைக் கூட்டி எழுதச் சொல்லும் முகவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்; பொய்யான விவரத்தின் கீழ் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. கேட்காமலே ஒரு கார்டு தபாலில் வந்தால் அதைச் செயல்படுத்தாதீர்கள். கேட்காத கார்டைத் தருவதையே ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் தடைசெய்கின்றன. உங்கள் சம்மதமின்றி அதைச் செயல்படுத்திக் கட்டணம் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திரும்பத் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

கார்டு வந்த அன்று மாலை

உறையைப் பிரித்ததும் கடைக்குப் போகாமல், அரைமணி நேரம் ஒதுக்கி வங்கியின் செயலியைத் திறந்து உட்காருங்கள்.

முதலில் தானியங்கிக் கட்டணத்தை, அதாவது ஆட்டோ பேயைப் பதிவுசெய்யுங்கள். அங்கே இரண்டு வாய்ப்புகள் இருக்கும்: மொத்த நிலுவை, குறைந்தபட்ச நிலுவை. சில செயலிகளில் இரண்டாவது முன்கூட்டியே தேர்வாகி இருக்கக்கூடும். கவனித்து மொத்த நிலுவையைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது தேதி. வீட்டிலிருந்து பணம் ஐந்தாம் தேதி வருகிறது, பில்லின் கடைசித் தேதி இரண்டாம் தேதியில் விழுகிறது என்றால் ஒவ்வொரு மாதமும் தடுமாற்றம்தான். பில் சுழற்சியை, அதாவது மாதத்தில் பில் போடும் தேதியை, ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கார்டுதாரருக்கு அளித்திருக்கிறது. பணம் வந்து நான்கைந்து நாட்களில் கடைசித் தேதி வரும்படி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு வரம்புகள். புதிய கார்டில் இணையவழிச் செலவும், வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுச் செலுத்தும் வசதியும் நீங்கள் இயக்கினால்தான் இயங்கும். இணையவழியை மட்டும் இயக்கி, அதற்கும் சிறிய உச்சவரம்பு வையுங்கள். தொட்டுச் செலுத்துவதில் 5,000 ரூபாய் வரை பின் எண்ணே கேட்காது என்பதால், விடுதியில் பர்ஸைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதை மூடியே வைத்திருப்பது பாதுகாப்பு. ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டியும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பில்லை வாசிக்கக் கற்றுக்கொள்வது

ஒவ்வொரு பில்லிலும் இரண்டு தேதிகள் இருக்கும். உங்கள் பில் தேதி மாதத்தின் 5 என்றும், கட்டுவதற்கான கடைசித் தேதி 25 என்றும் வைத்துக்கொள்வோம். ஜூன் 6-ஆம் தேதி 30,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்குகிறீர்கள். அது ஜூலை 5-ஆம் தேதி பில்லில் வரும். ஜூலை 25-க்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் 49 நாட்கள் வட்டியே இல்லாமல் வங்கியின் பணத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதே பொருளை ஜூலை 4-ஆம் தேதி வாங்கியிருந்தால் கிடைப்பது 21 நாட்கள் மட்டுமே. ஐம்பது நாள் வட்டியில்லை என்ற விளம்பரத்தின் முழுப் பொருள் இதுதான்.

இப்போது அந்த மாணவர் செய்ததைச் செய்து பார்ப்போம். ஜூலை 25 அன்று குறைந்தபட்சத் தொகையாகிய 5 சதவீதம், அதாவது 1,500 ரூபாய் மட்டும் கட்டுகிறீர்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம். இன்று பல கார்டுகளில் இதுதான் நடைமுறை வீதம். வங்கிகள் தங்கள் விதிமுறைத் தாளில் வழக்கமாகக் காட்டும் முறைப்படி, வட்டி பொருள் வாங்கிய ஜூன் 6-இலிருந்தே தொடங்கும். 30,000 ரூபாய்க்கு 49 நாட்களுக்கு ஏறக்குறைய 1,691 ரூபாய். கட்டியது போக மீதி 28,500 ரூபாய்க்கு அடுத்த பில் தேதியான ஆகஸ்ட் 5 வரை 11 நாட்களுக்கு ஏறக்குறைய 361 ரூபாய். இரண்டும் சேர்ந்த 2,052 ரூபாய் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 369 ரூபாய். ஆகஸ்ட் பில்லில் நீங்கள் கட்ட வேண்டியது 30,921 ரூபாய். 1,500 ரூபாய் கட்டிய பிறகும் கடன் தொடங்கிய இடத்தைவிட மேலே போயிருக்கிறது.

இதோடு முடிவதில்லை. பழைய நிலுவை இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. ஆகஸ்டில் நீங்கள் வாங்கும் 200 ரூபாய் நோட்டுப் புத்தகத்துக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். இப்படி ஒரு பில்லில் மாட்டிக்கொண்டால், முழு நிலுவையும் தீரும்வரை கார்டை எடுக்காமல் இருப்பதே வழி.

இந்த வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்து 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த உத்தரவை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது. ஆகவே வீதம் எவ்வளவு என்பதை விதிமுறைத் தாளில் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது விதி. அச்சிட்டும் இருப்பார்கள், சிறிய எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

எதற்குச் செலவு செய்வது

ஏற்கெனவே மாதாமாதம் செய்துவரும் ஒன்றிரண்டு செலவுகளை மட்டும் கார்டுக்கு மாற்றுங்கள்: கைப்பேசி ரீசார்ஜ், ஊருக்குப் போகும் பேருந்து அல்லது ரயில் டிக்கெட், தேர்வுக் கட்டணம். கார்டு வந்ததால் முளைத்த செலவு எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவை நிறுத்திக்கொள்வது ஸ்கோருக்கும் நல்லது. 15,000 ரூபாய் வரம்புக்கு அது 4,500 ரூபாய்.

2022-இலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்து, கடையின் கியூஆர் பலகையை ஸ்கேன் செய்தே கட்ட முடிகிறது. வசதியானதுதான், ஆனால் மாணவருக்கு இதைவிட ஆபத்தான வசதி வேறில்லை என்பது என் கருத்து. டீக்கடையில் பதினைந்து ரூபாய், ஜெராக்ஸ் கடையில் நாற்பது, இரவு பரோட்டாவுக்கு நூற்றிருபது என்று போகும்போது, அது சொந்தப் பணமா, கடனா என்பது கைக்குத் தெரியாது. இரண்டும் ஒரே திரை, ஒரே ஒலி. யுபிஐயில் சேமிப்புக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, கார்டைத் தனியே வைத்திருங்கள்.

“மச்சான், உன் கார்டுல பத்து பர்சன்ட் ஆஃபர் இருக்கு, போன் எடுத்துக்கிறேன், மாசாமாசம் தந்துடுறேன்” என்று நண்பர் கேட்பார். மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தவணை முழுவதும் உங்கள் பெயரில் ஓடும். தேர்வு முடிந்து அவர் ஊருக்குப் போன பிறகும் ஓடும். முழுப் பணத்தையும் முதலில் உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், வந்த பிறகு வாங்கிக் கொடுங்கள். “வட்டியில்லாத் தவணை” என்பதிலும் செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனியாக வரும் என்பதை அவருக்கும் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் கார்டில் செலவான தொகையைப் பார்த்து அப்போதே கட்டிவிடலாம். பில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏமாற்று அழைப்புகள்

ரிவார்டு பாயின்ட் இன்றோடு முடிகிறது, வரம்பை உயர்த்தித் தருகிறோம், கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டது என்று வரும் அழைப்புகளும், திறந்தால் செயலியாக நிறுவிக்கொள்ளும் ஏபிகே கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருவதும் மாணவர்களையும் விட்டுவைப்பதில்லை. ஓடிபி, கார்டின் பின்புற மூன்று இலக்க எண், பின் எண் ஆகிய எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவாதீர்கள்.

நீங்கள் செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால், முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள், அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்பது 2017-இலிருந்து உள்ள விதி. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. தெரிவித்த பின் ஏற்படுவது வங்கியுடையது. வெட்கப்பட்டு ஓரிரவு மறைத்துவைப்பதால் இழப்புதான் கூடும்.

கட்ட முடியாமல் போனால்

கடைசித் தேதி ஒரு நாள் தவறிவிட்டது என்றால் பதற வேண்டாம். அன்றே முழுவதையும் கட்டுங்கள். 3 நாட்களுக்கு மேல் நிலுவையாக இருந்தால்தான் தாமதக் கட்டணம் போடவும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் முடியும். வட்டி மட்டும் வரக்கூடும்.

உண்மையிலேயே பணம் இல்லையென்றால் வீட்டில் சொல்லுங்கள். திட்டு விழும், ஆனால் ஆண்டுக்கு 42 சதவீத வட்டியைவிட அது மலிவு. இன்னொரு கார்டிலோ, கைப்பேசிக் கடன் செயலியிலோ வாங்கி இதைக் கட்டாதீர்கள். வங்கியிடம் நிலுவையைத் தவணையாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். அதன் வட்டி கார்டு வட்டியைவிட வழக்கமாகக் குறைவாக இருக்கும். பாதியைக் கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கவனம்: அது ‘செட்டில்டு’ என்று அறிக்கையில் பதியும், முழுவதும் கட்டி முடித்ததாகப் பதியாது.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது. மிரட்டவோ, நண்பர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளராகிய ஒம்புட்ஸ்மேனிடம் இணையவழியே, கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது.

கார்டை மூடுவது

படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகும்போது, பயன்படாத கார்டை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய முகவரிக்கும் பழைய எண்ணுக்கும் பில் போய், ஒரு சிறிய ஆண்டுக் கட்டணம் நிலுவையாக வளர்ந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். முதலில் கார்டில் ஓடும் மாதச் சந்தாக்களை நிறுத்துங்கள், சேர்ந்த புள்ளிகளைப் பயன்படுத்துங்கள், கடைசிப் பில்லை ஒரு ரூபாய் மிச்சமின்றிக் கட்டுங்கள். பிறகு மூடும்படி எழுத்தில் கேளுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், டெபாசிட்டின் மீது வங்கி வைத்திருந்த முடக்கம் நீங்கியதற்கான உறுதியையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டிய கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கார்டுக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால், அந்தக் கடிதத்தை இணைத்து அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே திருத்தம் கோரலாம். 30 நாட்களுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.